மதகுக்குக் கீழே நின்ற தண்ணீர்

மண்ணியாற்றுப் பக்கத்தில், ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகும் வாய்க்கால் கரையோடு கடைமடை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிற லஸ்கர் எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். பெயர் புகழேந்தி. லஸ்கர் என்றால், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளும் அரசாங்க ஊழியர். மற்ற லஸ்கர்கள் பூட்டைத் தொங்கவிட்டதும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவன் மட்டும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடைத்த வாய்க்காலில் தண்ணீர் எங்கெங்கே தேங்கி நிற்கிறது, எப்போது வடிகிறது என்று பார்த்துக்கொண்டே போவான். "அடைச்சாச்சு, பூட்டியாச்சு, இன்னும் என்னத்தத் தேடுறான்?" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவன் எதற்காக நடக்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் இந்த ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். கர்ப்பிணிகளுக்கு ஊசி, பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் என் தலையில்தான். அவனைவிட நான் பதினைந்து வயது மூத்தவள். அவன் மனைவி தையல்நாயகியை அவள் என்று எழுதுகிற இடத்தில் அவனை மட்டும் அவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிடட்டுமா என்று இரண்டு பேரையும் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தையல்நாயகிதான் பதில் சொன்னாள்.

"மாத்தாதீங்க சிஸ்டர். தப்பு பண்ணவங்கதான் பேரை மறைக்கணும்."

புகழேந்தியின் அப்பா குத்தகைக்குப் பயிர் செய்தவர். தண்ணீருக்காக வரப்பில் சண்டை போட்டே ஆயுளைக் கழித்தவர். மகனுக்கு லஸ்கர் வேலை கிடைத்தபோது, முதலில் தற்காலிகம்தான் என்றாலும், அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். தண்ணீர் கேட்டு நின்றவன் வீட்டுப் பிள்ளை தண்ணீர் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டான் அல்லவா? அதனாலோ என்னவோ வேலையில் அவன் படு கறார். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில், தன் சொந்த மாமன் வயல் காய்ந்தாலும் ஷட்டரை ஒரு விரற்கடை ஏற்ற மாட்டான். பணத்தை நீட்டினவனை வாய்க்காலில் தள்ளிவிட்டான் என்றுகூடச் சொல்வார்கள். தள்ளியிருப்பான். எதையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டால்தான் நம்புவான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சைக்கிளில் பாதி தூரம் வந்தவன் திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு தடவை மூக்குடைபட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு குறுவையின்போது வடக்கு வாய்க்காலின் முறை முடிந்து ஷட்டரை அடைத்துவிட்டான். மறுநாள் காலையில் கடைமடையில் காதர் மைதீன் பாயின் வயலில் சலசலவென்று தண்ணீர் பாய்கிறது. காதர் பாய்க்குத் திருப்பனந்தாளில் மளிகைக் கடை, ஊரில் கொஞ்சம் நிலம், வாயில் அதிகம் வார்த்தை வராத மனிதர். "அடைச்ச மதகுக்குக் கீழ எப்படித் தண்ணி வரும்? ராத்திரி சாவி போட்டு எவனோ தொறந்திருக்கான்" என்று புகழேந்தி அவர் கையைப் பிடித்துப் பொதுப்பணித்துறை அலுவலகத்துக்கே இழுத்துப் போனான். என்ஜினியர் நல்லவர். வாய்க்காலைப் பார்க்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு நடந்தார். பாதி வழியில் தென்னந்தோப்பு ஓரம் வாய்க்கால் ஆழமாகப் போகும். அங்கே ஆகாயத்தாமரை மண்டி அடைத்து, முதல் நாள் ஓடிய தண்ணீர் குளம் போல நின்றிருக்கிறது. ராத்திரி அந்தச் செடிக்கூட்டம் பிய்த்துக்கொண்டதும் நின்ற தண்ணீர் கடைமடைக்கு ஓடிவிட்டது. மதகை யாரும் தொடவில்லை. அன்று சாயங்காலம் புகழேந்தி காதர் பாய் கடைக்குப் போய், சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டான். பாய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இதெல்லாம் நடந்தும் அவன் கரையில் நடக்க ஆரம்பிக்கவில்லை. அந்த நடை பிறகு வந்தது.

தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்துப் பெண். அங்கே அம்பாளின் பெயரே அதுதான். சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் வீங்கிப் பிறகு சரியாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மூட்டை விட்ட காய்ச்சல் இதயத்தைப் பிடித்துக்கொண்டது யாருக்கும் தெரியாது. மூத்த பெண் பிறந்தபோதே கொஞ்சம் மூச்சு இரைத்தது. இரண்டாவது பெண் பிறந்த அன்று, பிள்ளை வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் இவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நுரையீரலில் நீர். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் கிடந்து, பிழைப்பாளா மாட்டாளா என்ற நிலைக்குப் போய்த் திரும்பினாள். இதயத்து வால்வு ஒன்று சுருங்கிப் போயிருக்கிறது, இன்னொரு பிரசவம் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா அவனை உட்காரவைத்துச் சொன்னார். அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்றால், அந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்கவே பயந்தார்கள். காப்பர்-டி போட்டோம். ரத்தப்போக்கு நிற்காமல் போய் எடுத்துவிட்டோம்.

ஒருநாள் புகழேந்தி என் சென்டருக்கு வந்தான். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்குன்னு போர்டுல எழுதியிருக்கீங்களே சிஸ்டர், அது நெசமா?"

"நெசம்தான் தம்பி. யாருக்கு?"

"எனக்குத்தான். அவ ஒருத்தியே எவ்வளவு தாங்குவா?"

நான் இந்த வேலையில் இருக்கிற இத்தனை வருஷத்தில், தானாக வந்து இதைக் கேட்ட ஆண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் விரல் மிஞ்சும். பொம்பளைக்கு வயிற்றைக் கீறலாம், ஆம்பளைக்கு ஒரு ஊசித் துளை போட்டால் ஆண்மை போய்விடும் என்று பயப்படுகிற ஊர் இது. எனக்கு அன்றைக்கு அவன் மேல் வந்த மரியாதையை மறைக்கவே முடியவில்லை. என் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன்.

ஆடி மாதக் கடைசியில் ஆபரேஷன் முகாம். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். விதை இரண்டிலும் விந்தணு உற்பத்தியாகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் மேலே ஏறி, அடிவயிற்றுக்குள் போய், சிறுநீர்ப்பைக்குப் பின்னால் சுற்றி வந்து சேர்கிறது. அங்கே இருக்கிற சுரப்பிகள்தான் திரவத்தைச் சேர்க்கின்றன. அந்தக் குழாயை விதைப் பையிலேயே வெட்டிக் கட்டிவிடுகிறோம், திரவம் வழக்கம்போல வரும், அணு மட்டும் வராது. ஆனால் இன்றைக்கே பலன் கிடையாது என்றும் டாக்டர் சொன்னார். மூன்று மாதம் கழித்து வந்து விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று நாங்கள் சொன்ன பிறகுதான் நிச்சயம், அதுவரைக்கும் ஆணுறை. புகழேந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நான் கொடுத்த ஆணுறைப் பொட்டலத்தை வீட்டில் பிள்ளைகள் கண்ணில் படுமே என்று மதகுக் கொட்டகையில், ஷட்டருக்குப் போடுகிற கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். அங்கேயே மறந்தும் போனான். ஊரில் கேட்டவர்களிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டான். அந்தப் பொய் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். செய்ததே பெரிது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாதம் எண்ணுகிற கணக்கே தனி. தொட்ட மாதமெல்லாம் மாதம். வளைகாப்புக்கு எண்ணினாலும் சரி, செத்தவருக்குத் திதி எண்ணினாலும் சரி, மாதக் கடைசியில் நடந்தாலும் அந்த மாதம் ஒன்று. காலண்டர் பார்த்து நாளைக் கூட்டுகிற வழக்கம் கிடையாது. ஐப்பசி பிறந்ததும் தையல்நாயகி வெளுத்த முகத்தோடு என் சென்டரில் வந்து நின்றபோது, இந்தக் கணக்குதான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"தள்ளிப் போயிருச்சு சிஸ்டர்" என்றாள்.

சோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் எப்பலேர்ந்து ஒண்ணா இருக்கீங்க?"

"புரட்டாசி பொறந்தப்புறம்தாங்க. அவருதான் மூணு மாசம் ஆயிருச்சு, இனிமே பயம் இல்லன்னாரு."

"ஆடி கடைசியில பண்ணது. அதுக்குள்ள எப்படிம்மா மூணு மாசம் ஆகும்?"

"ஆடி, ஆவணி, புரட்டாசி..." என்று விரலை மடக்கியவள், நான் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

ஆறு வாரம்கூடச் சரியாக முடியவில்லை. பரிசோதனைக்கும் போகவில்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவளைத் திட்டி என்ன ஆகப் போகிறது? நிதானமாக எடுத்துச் சொன்னேன். குழாயை வெட்டினாலும், வெட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஏறிப் போன அணுக்கள் உள்ளேயே தங்கியிருக்கும். அவை முழுக்க வெளியேற மாதக்கணக்கில் ஆகும். அதிலே ஒன்றுதான் இது. பயப்படாதே, ஆனால் இந்தக் கரு வளர வளர உன் இதயத்துக்கு ஆபத்து, சீக்கிரம் தஞ்சாவூர் போய்க் கலைத்துவிட வேண்டும், கருத்தடை தவறினால் அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது என்றேன்.

"அவரு என்கூடப் பேசி நாலு நாள் ஆச்சு சிஸ்டர்" என்றாள். அவள் பயந்துகொண்டிருந்தது இதயத்துக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அவள் சொன்ன அன்றே அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான். அதற்குப் பிறகு படுக்கை மதகுக் கொட்டகையில். திட்டவில்லை, அடிக்கவில்லை, யார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன் என்றாள். ஊருக்கு ஆபரேஷன் விஷயமே தெரியாது. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு இது நல்ல சேதி. மூன்றாவதாவது ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று வாழ்த்தி, வாய்க்கசப்புக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஊறுகாய்ப் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு அவள் அழுதிருக்கிறாள்.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். அவன் ஷட்டர் பல்லுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"தம்பி, நீங்க மாசக் கணக்கைத் தப்பா எண்ணிட்டீங்க" என்று ஆரம்பித்துக் கையோடு கொண்டுபோன படத்தை விரித்து, வெட்டு எங்கே, அதற்கு மேலே குழாய் எவ்வளவு தூரம் போகிறது, எங்கே அணு தங்கும் என்று விளக்கினேன். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை.

"அடைச்ச மதகுக்குக் கீழ தண்ணி வந்தா, எவனோ தொறந்திருக்கான்னுதான் அர்த்தம் சிஸ்டர்" என்றான். குரல் உயரவே இல்லை.

"வாயக் கழுவுங்க. கும்பகோணத்துல லேப் இருக்கு. நாளைக்கே போய்ப் பரிசோதனை பண்ணுங்க. அணு இருந்தா உண்மை தெரிஞ்சிடும்."

"நான் வரல."

"ஏன்?"

அவன் கிரீஸ் தடவுவதிலேயே இருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் போகப் போக உள்ளே மிச்சம் இருப்பதும் போய்விடும், அப்புறம் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தால் அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, உன் வறட்டுப் பிடிவாதம் ஒரு உயிரைக் குடிக்கப் போகிறது என்று கத்தினேன். ஏகவசனத்தில் கத்தினேன். ஆற்றோரம் மாடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கிரீஸ் டப்பாவை மூடிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டான்.

இந்தப் பக்கம் இவள். தஞ்சாவூருக்கு நானே கூட்டிப்போகிறேன், இதற்குப் புருஷன் கையெழுத்து வேண்டியதில்லை, உன் சம்மதம் போதும் என்றேன். மாட்டேன் என்றாள்.

"அவரு பரிசோதனை பண்ணாம நான் வரமாட்டேன் சிஸ்டர். இப்ப போய்க் கலைச்சிட்டு வந்தா, தப்பு பண்ணிட்டு அழிச்சிட்டு வந்தான்னு ஆயிடும். அப்புறம் நான் எதை வெச்சுப் பேசுவேன்? என் பொண்ணுங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"பேசுறதுக்கு உசுரு வேணாமா?"

"மானத்தோட இருக்கணும் சிஸ்டர்."

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல். மானம் என்று சொல்லிக்கொண்டு செத்துப்போன பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி இடுப்பில் வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ராத்திரி தலையணை இரண்டை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறேன் என்றாள். நாடியைப் பிடித்துப் பார்த்தால் தறிகெட்டு ஓடுகிறது. இதற்குமேல் பொறுக்க முடியாது என்று ஒருநாள் காலையில் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து மதகுக்கே கூட்டிப் போனேன். நீயே அவனிடம் கேள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றேன்.

அன்று வடக்கு வாய்க்கால் முறை முடிகிற நாள். அவன் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வழக்கம்போலப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவன் தன்னையறியாமல் இரண்டு அடி முன்னால் வந்து, அப்புறம் நின்றுவிட்டான்.

"ஏங்க, இப்ப அடைச்சிட்டீங்கல்ல?" என்றாள்.

"ம்."

"இப்பவே போய்ப் பாத்தா கடைமடையில தண்ணி பாயுறது நின்னுருக்குமா?"

அவன் வாய்க்கால் பக்கம் பார்த்தான்.

"காதர் பாய் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனீங்க. அப்புறம் கடைக்குப் போய்க் கும்பிட்டீங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட என்ன சொன்னீங்க? நல்ல மனுசனைத் திருடன்னு சொல்லிட்டேன் தையலு, மதகைத்தான் பாத்தேன், வாய்க்காலைப் பாக்கலன்னு சொன்னீங்க. சோறு எறங்கலைன்னு சொன்னீங்க." அவளுக்கு மூச்சு திணறியது. நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "அந்தப் பாய்க்காக அவ்வளவு தூரம் நடந்து போய்ப் பாத்தீங்களே. எனக்காக ஒரு தடவை பாக்கக் கூடாதாங்க?"

புகழேந்தி மதகுத் திண்டில் உட்கார்ந்துவிட்டான். மேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே பேசினான்.

"பயமா இருக்கு தையலு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? போகாம இருந்தா ஒருவேளை இருக்கும்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாமேன்னு..."

நான் அவனைப் பிடிவாதக்காரன் என்று நினைத்திருந்தேன். அவளை இழந்துவிடுவோமே என்கிற பயத்தில்தான் அங்கே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான். அதைக் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை நான் விடவில்லை, ஏனென்றால் அவன் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் மூச்சுத் திணறியது அவளுக்கு.

"எனக்குப் பயம் இல்லைங்க. வாங்க போவோம்" என்றாள் அவள்.

கும்பகோணத்தில் அந்த லேபில் யூனுஸ் என்று ஒரு டெக்னீஷியன். எனக்குத் தெரிந்த பையன், நிதானமானவன். பின்பக்கத்து அறையைக் காட்டி, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது, அவசரம் இல்லை என்று சொல்லி அனுப்பினான். புகழேந்திக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் தையல்நாயகியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவப்படி பார்த்தால் இல்லை என்று வரவும் வாய்ப்பு இருந்தது, அவளிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

யூனுஸ் கண்ணாடித் தகட்டை வைத்து நுண்ணோக்கியைத் திருகிப் பார்த்தான். நகர்த்தினான். மறுபடி பார்த்தான். அப்புறம் முடிவைச் சொல்லாமல் எழுந்து நாற்காலியைக் காட்டினான்.

"நீங்களே பாருங்கண்ணே. ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறவன் குனிந்து பார்த்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றான். வெறும் வெளிச்சம் என்றான். அப்புறம் இன்னும் குனிந்தான்.

"வால் மாதிரி இருக்கு..." என்றான் மெதுவாக. "தலைப்பிரட்டை மாதிரி... ஒண்ணு இருக்கு. இந்தா, இங்க ஒண்ணு."

"அதுதாண்ணே அணு. எல்லாம் அசையாமத்தான் கெடக்கு, இனிமே அதால ஒண்ணும் ஆகாது. ஆனா இன்னைக்கே இவ்வளவு மிச்சம் இருக்குன்னா, நீங்க சொல்ற அந்த நாள்ல நல்லாவே இருந்திருக்கும்."

அவன் நிமிரவில்லை. கண்ணை அதில் ஒட்டிவைத்தபடியே உட்கார்ந்திருந்தான். கண்ணீர் சொட்டி நுண்ணோக்கியில் வழிந்தது. யூனுஸ் துடைக்கப் பஞ்சை எடுத்து வைத்தான். புகழேந்தி எழுந்து வெளியே வந்து அவள் முன்னால் நின்றான்.

"இருக்கு தையலு."

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு, தஞ்சாவூருக்கு என்றைக்குப் போகலாம் சிஸ்டர் என்று என்னைக் கேட்டாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் அவனுக்கு அடுத்தது உறைத்திருக்கிறது. திடீரென்று திரும்பி, "அப்ப இது என் பிள்ளை" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சம்பா நாற்று பச்சைப் பசேலென்று இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் வச்சுக்கலாமா சிஸ்டர், வேற பெரிய டாக்டரைப் பாக்கலாமா, மெட்ராஸ் கூட்டிட்டுப் போகட்டுமா என்று ஆரம்பித்தான். அடுத்த இரண்டு நாளும் அதே கேள்விதான். அவள் இதயத்தின் நிலையைத் தஞ்சாவூர் டாக்டரம்மா மறுபடி படம் வரைந்து சொன்ன பிறகுதான் அடங்கினான். இதை வைத்துக்கொண்டால் ஏழு எட்டு மாதத்தில் இரண்டு பெண்களுக்கு அம்மா இருக்கமாட்டாள் என்று அந்தம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

கருக்கலைப்பு நல்லபடியாகவே முடிந்தது. இதய டாக்டரும் பக்கத்திலேயே இருந்தார். அவளை வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். உதட்டில் ரத்தம் திரும்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தோம். புகழேந்தி கட்டிலுக்குக் கீழே தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"லேபுக்குப் போறவரைக்கும் அதை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன் சிஸ்டர். யாரு பெத்ததோன்னு திட்டினேன். ரெண்டு நாள். ரெண்டே நாள்தான் அது எனக்குப் பிள்ளையா இருந்துச்சு."

குலுங்கிக் குலுங்கி அழுதான். அடுத்த கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். தையல்நாயகி கண்ணைத் திறக்கவில்லை. அவள் குரல் மட்டும் வந்தது.

"எனக்கு மொத நாள்லேர்ந்தே பிள்ளைதாங்க."

அதற்குப் பிறகு அவன் அழவில்லை. அழ அவனுக்கு வாய் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கட்டிலில் தொங்கிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடிக்கப் போனான், பிடிக்காமல் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளே விரலை நகர்த்தி அவன் கைமேல் வைத்தாள். நான் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கக் கீழே இறங்கினேன்.